கிட்டலேன்னா சாரும் விடுபட்ட இரண்டு வரிகளும்

கேரள எல்லையோரப் பாறசாலையிலேயே பெரிய அபசகுனம் யார் என்று ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால், என்னோடு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்த 'கிட்டலேன்னா' சார் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்திருப்பார். தொண்ணூறுகளின் கடைசி அது. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கிட்டலேன்னா?" கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அர்த்தம்.

டீக்கடையில், "சேட்டா, ஒரு சாயா. பாலு இல்லேன்னா கட்டன். தேயிலயும் இல்லேன்னா வெந்நி" என்பார். கடைக்காரர் முன்னால் பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

குன்னத்துகாலில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவிடம், "பிள்ளைக்கு என்னப் பிடிக்கலேன்னா?" என்று கேட்டார். அதுவரை அப்படி யோசித்திராத மனிதர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, சாரின் குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இந்த வியாதி முற்றியது ஒரு கணினி மொழியின் கையேட்டால். அந்த மொழியோடு சி மொழியில் எழுதிய நிரலை இணைப்பது எப்படி என்று அதில் ஓர் அத்தியாயம். அங்கிருந்த உதாரணம் கணினியிடம் நினைவகத்தில் இடம் கேட்கும். கிடைத்ததா என்று பார்க்காமலே எழுதத் தொடங்கிவிடும். கிடைக்காவிட்டால் நிரல் அங்கேயே செத்து விழும்.

"எலே மக்கா, இதப் பாத்து ஊரு உலகமெல்லாம் இப்படியே எழுதுவானுவ. திருத்தாம விடப்பிடாது" என்று திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், அங்கே இன்டர்நெட் சென்டரிலிருந்து அந்த மொழியை உருவாக்கியவர்களுக்கு இமெயில் அனுப்புவார். பதில் வராது. மறுபடி பஸ் ஏறுவார். சாருக்கு வேறு சோலியே இல்லையா என்று நாங்கள் சிரிப்போம்.

சிரித்துக்கொண்டிருந்தபோதே அவர் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன.

"வேற கிட்னி கிட்டினா சரியாவும்" என்றார் டாக்டர்.

"கிட்டலேன்னா?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

இமெயிலுக்குப் பதில் அப்போதுதான் வந்தது. அவருக்குப் பதிலாக பஸ் ஏறிப் போயிருந்த நான், அதை அச்செடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "சார், தப்புதான்னு ஒத்துக்கிட்டானுவ! அடுத்த பதிப்புல திருத்துவானுவளாம்."

"திருத்தலேன்னா?"

"திரும்ப எழுதுவோம், சார்."

"நான் இல்லேன்னா?"

"நான் எழுதுவேன்."

"அதாக்கும்!" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

சிறுநீரகம் கிடைக்கவில்லை; சார் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு புதிய பதிப்பு வந்தது. உதாரணத்தில் அவர் கேட்ட இரண்டு வரிகளும் இருந்தன: இடம் கிடைத்ததா என்று பார், கிடைக்காவிட்டால் ஒழுங்காகத் திரும்பிப் போ.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பழைய நினைப்பில், சென்டருக்கு வேகமாகப் போனேன். காட்ட ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நீங்களும் எழுதிவைக்கவில்லையே, சார்.