தும்பைச் சாறும் என் மூக்கும்

குடும்பஸ்தனுக்கு ஜலதோஷம் வந்தால் தொல்லை. தனிக்கட்டைக்கு வந்தால் அதிர்ஷ்டம். எனக்கு வந்தது அப்படித்தான்.

அறுபதுகளின் கடைசி. பாளையங்கோட்டையிலிருந்து மதராஸுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்து (கலெக்டர் என்று நினைப்பு), மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீச்சர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். பேச ஒரு ஜீவன் கிடையாது. சனிக்கிழமை ஆபீஸில் "வரேன் சார்" என்பேன். அடுத்த வார்த்தை திங்கட்கிழமை டீக்கடையில் "ஒரு டீ" என்பதுதான். டீச்சரும் அவர் கணவரும் நல்லவர்கள். ஆபீஸ் போகிற பிள்ளையைத் தொந்தரவு செய்வானேன் என்று, பழைய பேப்பரைப் படிக்கக் கொடுப்பதோடு ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் கிணற்றடியில் அடுக்குத் தும்மல் போட்டேன். டீச்சர் பதறிவிட்டார்.

"என்ன தம்பி இது? அப்படியே விட்டா நெஞ்சுல கட்டிக்கும். இருங்க."

பக்கத்துக் காலி மனையில் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. ஒரு கைப் பூவைப் பறித்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, தலையில் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். மாலையில் தும்பையிலை போட்டு ஆவி பிடிக்க வெந்நீர் கொண்டுவந்தார். கூடவே ஊர் எது, அம்மா சௌக்கியமா என்று விசாரணை. என் அறைக்குள் வந்து பேசிய முதல் மனுஷி அவர்தான். அவர் போனதும் கண் கலங்கிவிட்டது. (ஆவி பிடித்ததால் என்று சொல்லிக்கொண்டேன்.)

ஒரு வாரத்தில் சளி போய்விட்டது. எனக்குத் திக்கென்றது. சளி போனால் டீச்சரும் வரமாட்டாரே!

அதனால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும், பேப்பர் ஓரத்தைக் கிழித்துத் திரியாக்கி மூக்கில் விடுவேன். தும்மல் ஜோராக வரும். தும்பை வைத்தியமும் பேச்சும் தொடர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு கணவரையும் அழைத்து வந்துவிட்டார். பதற்றத்தில் திரி உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"இன்னா தம்பி, இன்னும் போவலியா? அண்ணாந்து படு," என்றார் அவர். கையில் கசக்கிப் பிழிந்த தும்பையிலைச் சாறு. தலையைப் பிடித்து மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

மூக்கில் தீப்பிடித்தது. தும்மினேன், தும்மினேன், அத்தனையும் அசல் தும்மல். கடைசித் தும்மலில் திரி பாய்ந்து போய் டீச்சரின் வெள்ளைச் சேலையில் ஒட்டிக்கொண்டது.

கணவர் குனிந்து பார்த்தார். "படிக்கக் குடுத்த பேப்பரு மூக்குல கீதே!"

வேறு வழியில்லை. "பேச ஆள் இல்ல டீச்சர்," என்றேன். கண்ணிலிருந்து கொட்டியதில் பாதிதான் தும்பைச் சாற்றின் வேலை.

டீச்சர் சேலையில் ஒட்டிய திரியை எடுத்துப் போட்டார். பிறகு, "அதுக்கு மூக்கையா புண்ணாக்கிக்குவாங்க? கதவைத் தட்டினா திறக்க மாட்டோமா? வாங்க, சோறு ஆறுது," என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். எனக்குப் பெண் பார்த்தவரும் டீச்சர்தான். என் மானம் போனால் போகட்டும் என்று, கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

இன்றும் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தால் என் மனைவி காரணம் கேட்பதில்லை. பேப்பர் ஓரத்தைக் கிழித்து, திரித்து, என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.