பிரேக் இல்லாத படிப்பு

அரங்கில் நிற்க இடமில்லை. சுவரோரம், வாசற்படி, ஜன்னல் விளிம்பு எங்கும் பெற்றோர்கள். புத்தகத்தைக் கண்டாலே எழுந்து ஓடும் பிள்ளைகளை 'ஒளிநெற்றியார்' என்ற சாமியார் ஒரு செப்புப் பட்டையால் சரிசெய்துவிடுவாராம். நெற்றியில் பட்டை, உடனே படிப்பு! பள்ளிக்கூடங்களை இழுத்து மூடுவதுதான் பாக்கி.

மூன்றாம் வரிசையில் ஒரு பஸ் டிரைவர், அவர் மனைவி, எட்டு வயது மகள். மகளுக்குக் கவனச்சிதறல் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் நாற்காலியில் இருந்ததைவிட நாற்காலிக்கு அடியில் இருந்த நேரமே அதிகம்.

வீட்டில் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஒரு பத்தி முடிந்ததும் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும், அதுதான் பிரேக். "இப்ப என்ன படிச்சேன்?" என்று தன்னையே கேட்க வேண்டும். தெரியவில்லையா, ரிவர்ஸ். வண்டி மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை.

ஒளிநெற்றியார் மகளை மேடைக்கு அழைத்து, கண்ணை மூடி முணுமுணுத்தார்.

"இவ மூளையில காத்து புகுந்து சுத்துதும்மா. ஒரு வருஷம் பட்டை கட்டணும். அதுவரைக்கும் புத்தகத்தையே தொடக் கூடாது."

மகளுக்கு அழுகை முட்டியது. "அப்போ என் யானைக் கதை? பாதியில நிக்குதே!"

"சும்மா இருடி, ஐயா சொல்றாருல்ல" என்றாள் அம்மா.

"முதல்ல பட்டை எப்படிப் படிக்குதுன்னு பாப்போம்" என்றார் டிரைவர்.

சாட்சிக்கு ஒரு சிறுவன் வந்தான். பட்டை ஏறியது. புத்தகத்தைப் பிரித்து மடமடவென்று படித்தான். பத்தி முடிந்தும் நிற்கவில்லை. மகளுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், பிரேக் போடு!" என்று அவன் பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள்.

அவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனான்.

"பாத்தீங்களா! பட்டை கையையே ஊடுருவிப் பாக்குது!" என்றார் ஒளிநெற்றியார், சற்றே வியர்த்து. கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆமாம், இதற்கும் தட்டினார்கள்.

டிரைவர் மேடையேறி, மகளின் யானைக் கதையை நீட்டினார். "தம்பி, நாங்க கையெல்லாம் வைக்கல. இதுல ஒரே ஒரு வரி படி."

சிறுவன் ஒளிநெற்றியாரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். "மாமா, இதை நீங்க மனப்பாடம் பண்ணச் சொல்லலையே!"

ஒளிநெற்றியாருக்குப் பின்வாசல் கண்ணில் பட்டது, பட்டை கட்டாமலேயே.

அம்மா புத்தகத்தை வாங்கி மகளிடம் கொடுத்தாள். "படிடி தங்கம். மெதுவாவே படி."

கைதட்டிய பெரியவர்களே, அந்தப் பிரேக்கை நீங்களும் ஒருமுறை போட்டிருக்கலாம். நெற்றி பட்டை கட்ட மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் இருப்பதையும் அவ்வப்போது ஓட்டிப் பாருங்கள், துருப்பிடித்துவிடப் போகிறது.