பிள்ளையார் காலடியில் என் பல்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறை திருடியிருக்கிறேன். திருடியது என் பல்லை. சொந்தப் பல்லை எடுத்தால் அது எப்படித் திருட்டாகும் என்று என் மகன் இன்றைக்கும் எனக்காக வாதாடுவான். ஆனால் அந்தப் பல் அன்றைக்கு இன்னும் என்னுடையதாக ஆகியிருக்கவில்லை. ஸ்டெல்லா டாக்டருக்கு அதுதான் பரீட்சைத் தாள். அந்தத் தாளைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவள் நான்.

முதலில் பல் போன கதை. ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோக்காரர் போட்ட பிரேக்கில் முன்கம்பியில் போய் மோதினேன். மேல்வரிசை முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று மருமகள் வளர்மதிக்கே குழப்பம். அவள்தான் எங்கேயோ விசாரித்து, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பல் கல்லூரிக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கே மேல்படிப்புப் படிக்கும் பிள்ளைகள், பெரிய டாக்டர்கள் பக்கத்தில் நின்று பார்க்க, தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் கட்டப் பழகுகிறார்கள். நான் ஸ்டெல்லாவின் பங்குக்கு வந்தேன்.

ஸ்டெல்லாவுக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். அப்பா அம்மா விவசாயம். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி, வெள்ளைக் கோட்டுப் பையில் நாலு பேனா. முதல் நாள் ஒப்புதல் தாளை நீட்டி, கூடவே மை டப்பாவையும் நகர்த்தி வைத்தாள்.

"அதை எடுத்து உள்ள வை கண்ணு" என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் கைநாட்டு வைத்ததில்லை. க. அஞ்சலை என்று எழுதி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஸ்டெல்லா மட்டும் குனிந்து பார்த்து, "கையெழுத்து அழகா இருக்குதும்மா" என்றாள். அந்த நிமிஷமே என் வாயை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திருகாணி இறக்கினாள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம் காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தேன். பிறகு அளவெடுத்து, லேபுக்கு அனுப்பி, ஒரு திங்கட்கிழமை பல்லைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தாள்.

பார்த்தேன். அச்சு அசல் பல். ஆனால் மினுக்கு இல்லை. நாக்கு நுனியால் தொட்டால் சொரசொர என்றது.

நான் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கிளேஸ் தொட்டியில் வேலை பார்த்தவள் நான். பால்போலக் கரைத்து வைத்திருக்கும் கிளேஸில் சாமானை முக்கியெடுத்துச் சூளைக்கு அனுப்பினால், அந்தப் பூச்சு கண்ணாடியாகி மின்னும். கப்பு, பியூஸ் கட்டை, பொம்மை, எல்லாம் என் கை பட்டுத்தான் மின்னியிருக்கின்றன. (ஜனாதிபதி மாளிகையில் டீ குடிக்கிற கப்பும் என் கை பட்டதுதான் என்று சொல்லிக்கொள்வேன். இதுவரை யாரும் இல்லை என்று நிரூபிக்கவில்லை.)

"கண்ணு, இதுக்கு கிளேஸ் போடலியே" என்றேன்.

"எப்டிம்மா கண்டுபுடிச்சீங்க! இன்னிக்கு ட்ரயல்தான். கடி, கலரு எல்லாம் பாத்துட்டு, லேபுல கிளேஸ் போட்டு வரும். வியாழக்கிழமை எக்ஸாம். வெளியூர்லேருந்து எக்ஸாமினர் வராங்க. அவங்க முன்னாடிதான் நான் உங்களுக்குப் பல்லு வெச்சிக் காட்டணும்."

பல்லைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு, என் தலைமாட்டுத் தட்டில் வைத்தாள். அப்போது அவளுக்கு போன் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"லேபு உலை ரிப்பேரா? சார், வியாழக்கிழமை எனக்கு எக்ஸாம் சார்... மெக்கானிக் எப்ப வருவாருன்னு தெரியாதா? சார், இத வுட்டா ஆறு மாசம் கழிச்சுதான் சார் அடுத்த எக்ஸாம்..."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பெரிய டாக்டரைத் தேடி ஓடினாள்.

நாற்காலியில் நான். தட்டில் டப்பா. சூளை இல்லையென்று ஒரு பிள்ளை அழுகிறது. எங்கள் ஊரில் நடந்தால் சூளையில் தடுக்கி விழ வேண்டும். சொன்னால் இந்தப் படித்த பிள்ளை கேட்காது. செய்து கொண்டுவந்து கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்! இப்படி யோசித்ததாகத்தான் ஞாபகம். அதற்குள் டப்பா சுருக்குப்பைக்குள் இருந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன்.

விருத்தாசலத்தில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக முருகேசனிடம் போனேன். என்னோடு வேலை பார்த்தவன். இப்போது ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை அவன் பொறுப்பு. சதுர்த்திக்காகப் பிள்ளையார்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாக்கா! இன்னாக்கா இந்த நேரத்துல?"

டப்பாவைத் திறந்து காட்டினேன். முருகேசன் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"பல்லாக்கா இது!"

"பல்லுதான். கிளேஸ் போட்டுச் சுட்டுக் குடு."

"யாரு பல்லு?"

"எம் பல்லுடா. ஊரான் பல்லையா எடுத்தாருவேன்?"

அவன் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான். "அக்கா, இது எந்த மண்ணு? எந்தச் சூட்டுல வேகும்?"

சூளை முன்னால் நிற்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். கேட்காமல் விட்டவர்களைக் காது கிழியத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சொன்னேன்:

"பீங்கான்னா பீங்கான்தான். முப்பத்தொரு வருஷம் பாத்தவளுக்கே நீ சொல்லித் தரியா? வை உள்ள."

"நீ சொன்னா சரிக்கா" என்றான் பாவம். பல்லின் அடிக்குழியில் தென்னங்குச்சி நுனியைச் செருகி, நானே கிளேஸில் முக்கியெடுத்தேன். ஒரு சொட்டுகூட வழியவில்லை. ஒரு பிள்ளையாரின் காலடியில் இடம் பார்த்து நானே வைத்தேன். துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை சூளை எரிந்தது. நான் வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். (போனை எங்கே வைத்தேன் என்று தேடவில்லை. அது அரிசி டின்மேல் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது.) புதன்கிழமை காலையில் கதவு திறக்கும்போது போய் நின்றேன்.

முருகேசன் எட்டிப் பார்த்தான். பிள்ளையாரை மெதுவாக எடுத்து என் கையில் வைத்தான்.

பிள்ளையார் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தார். பல் இல்லை. பல் இருந்த இடத்தில் வெண்ணெய் மாதிரி உருகி வழிந்து, அவர் பாதத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு வெள்ளை உருண்டை. பல்லுக்குள்ளே இருந்த உலோகத் தொப்பி கருகி நடுவில் எட்டிப் பார்த்தது. எள்ளுப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரியே.

"கேட்டேனேக்கா" என்றான் முருகேசன், மிகவும் மரியாதையாக.

அந்த நேரம் பார்த்து வளர்மதி கம்பெனி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். "அத்த! அந்த டாக்டர் பொண்ணு ரெண்டு நாளா உங்களுக்கு போன் போட்டு, இன்னிக்கு எனக்குப் போடுது. பல்ல காணுமாம். குப்பத்தொட்டியெல்லாம் கொட்டிப் பாத்துட்டாங்களாம். லேபு உலை நேத்து காலையிலயே ரெடியாயிடுச்சாம், பல்லு மட்டும்தான் இல்லியாம். நீங்க ஏதும்..." என்றவள் என் கையைப் பார்த்தாள். பிள்ளையாரைப் பார்த்தாள். கொழுக்கட்டையைப் பார்த்தாள்.

"அய்யோ அத்த" என்றாள்.

உலை செவ்வாய்க்கிழமை காலையிலேயே சரியாகிவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

பிள்ளையாரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் கல்லூரிக்குப் போனோம். ஸ்டெல்லா துண்டைப் பிரித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையாரை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எங்கனா சுட்டுதாம்மா?" என்று என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். "சிரிக்கல கண்ணு, அழுவுறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே நாளில் புதுப் பீங்கான் பல் செய்ய முடியாது என்று லேபில் கையை விரித்துவிட்டார்கள். அச்சு இருந்ததால், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பல் மட்டும் அன்று சாயந்திரத்துக்குள் தயார் பண்ணிக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை. எக்ஸாமினர் நரைத்த தலையுள்ள அம்மா. சிரிக்காத முகம். ஸ்டெல்லா என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாள்: "அம்மா, நீங்க வாயத் தொறந்தா மட்டும் போதும். பேச வேணாம்."

எக்ஸாமினர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். "இது டெம்பரரி. பீங்கான் பல்லு எங்கம்மா?"

"மேடம்... அது தொலைஞ்சிடுச்சு. என் கவனக்குறைவுதான் மேடம்."

என் வாய்க்குள் சின்னக் கண்ணாடி இருந்தது. அதோடேயே "ஆ! ஊ! ஆ!" என்று கத்தினேன். எக்ஸாமினர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்தப் பொண்ணு பொய் சொல்லுதுங்க! தொலைக்கல. நான்தான் எடுத்தாந்து சூளையில வெச்சேன்!" என்று, முந்தின நாள் நான் திரும்பச் சுற்றி எடுத்துப்போயிருந்த துண்டுமூட்டையை அவிழ்த்து, பிள்ளையாரை அவர் மடியிலேயே வைத்துவிட்டேன். (மேசை தூரத்தில் இருந்தது.)

எக்ஸாமினர் பிள்ளையாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சூட்டுல சுட்டீங்க?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும்ங்க."

அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "அந்தச் சூட்டுல பொம்மை உருகாம நிக்குது. இது ஏன் உருகிச்சு? சொல்லு."

முருகேசன் கேட்ட அதே கேள்வி. நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. ஸ்டெல்லா மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பல்லுக்கான பீங்கான் தொள்ளாயிரம் சொச்சத்திலேயே இளகிவிடும், பொம்மை மண்ணின் கலவை வேறு, உள்ளே இருக்கும் உலோகத்தோடு ஒன்றாகச் சேர்ந்து விரிந்து சுருங்க வேண்டும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று அருவி மாதிரிக் கொட்டினாள். பாதி ஆங்கிலம். ஆனாலும் எனக்குப் புரிந்தது. முப்பத்தொரு வருஷம் நான் கையால் செய்ததற்கெல்லாம் அவள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எக்ஸாமினர் தற்காலிகப் பல்லைக் கழற்றச் சொன்னார். எலும்பு திருகாணியைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் நின்ற உலோகக் குச்சியைக் கருவியின் பிடியால் லேசாகத் தட்டினார்.

கணீர் என்றது. வெடிப்பில்லாத சாமானைத் தட்டினால் கேட்கும் அதே சத்தம். கம்பெனியில் அந்தச் சத்தம் கேட்டால் வலது பக்கக் கூடையில் போட்டுவிட்டு உரக்கச் சொல்வோம். பழக்கம் யாரை விட்டது?

"பஸ்ட் குவாலிட்டி!" என்று கத்தினேன்.

எக்ஸாமினர் அப்போதுதான் சிரித்தார். "பேஷண்டே மார்க் போட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?"

ஸ்டெல்லா பாஸ். இரண்டு வாரம் கழித்து என் நிஜப் பல் வந்தது, முறையாக லேபிலேயே கிளேஸ் போட்டு. (நானே சொல்கிறேன், நல்ல கிளேஸ்.) முந்தானை அதன் இடத்துக்குப் போனது.

வீட்டில் இப்போது நான் எதையாவது அடுப்பில் வைத்தால் போதும், பேரப்பிள்ளைகள் கோரஸாக, "ஆயா, அது எந்தச் சூட்டுல வேகும்?" என்பார்கள். ஸ்டெல்லா அதே கல்லூரியில் சொல்லிக் கொடுக்கும் டாக்டராகிவிட்டாள். அவள் மேசையில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், கொழுக்கட்டையோடு. புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் அவரிடமிருந்துதான். வருஷத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டப் போகிறேன். ஸ்டெல்லா தன் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, பல்லைத் தட்டிக் காட்டி, நான் "பஸ்ட் குவாலிட்டி" என்று சொன்ன பிறகுதான் விடுவாள்.

அப்போதும் உடனே எழுந்து வர முடியாது. வெள்ளைக் கோட்டுப் போட்ட அத்தனை பிள்ளைகளும் வாசலை மறித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி கையை நீட்டும்.

"அம்மா, பையத் தொறந்து காட்டிட்டுப் போங்க."

நானும் சுருக்குப்பையைத் திறந்து, ஒன்று விடாமல் காட்டிவிட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வருகிறேன்.