யார் அந்த விருந்தினர்?

கர்னல் டிவியைப் போட்டபோது, நேற்று ஆற்றுப் பாலத்தின் மேல் நல்லபடியாக நின்றுகொண்டிருந்த இன்ஸ்பெக்டர், இன்று தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

"அடப்பாவி! யாருடா இது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார் கர்னல்.

யாரோ அவருக்கு முன்னால் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர் இரண்டு பகுதி ஓடியிருந்தது. இன்ஸ்பெக்டரை அடித்தது யார், வக்கீலம்மா வந்து பார்த்தாளா, ஒன்றும் தெரியாமல் கட்டு மட்டும் முதலில் தெரிந்துவிட்டது. இதைவிடக் கொடுமை, யாரிடமும் சொல்லி அழ முடியாது. ஏனென்றால் கர்னல் அந்தத் தொடரைப் பார்ப்பதே இல்லை.

அவர் பட்டாளத்தில் இருந்தவரல்ல. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது என்பதால் குடியிருப்பில் வைத்த பெயர் அது. மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் பையனின் தகப்பனாரும் அதே மாதிரி சாயாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கூடத்து டிவியைக் காட்டி, "கேபிள்தானே?" என்றார் கர்னல்.

"கம்பியில வந்தாத்தான் சம்பந்தி அது டிவி. காத்துல வர்றது காய்ச்சல்!"

'சம்பந்தி' என்ற சொல் வாயில் வந்துவிட்டது, கல்யாணம் முடிவாகிவிட்டது. இணையத்தில் படம் பார்க்கும் சமாசாரத்தை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அன்று கைகொடுத்துக்கொண்டார்கள். மானமுள்ளவர்கள் கொடுத்த வாக்கு.

அதனால்தான் மகன் புது டிவியையும் இணையத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கியபோது கர்னல் கூடத்துப் பக்கமே முகத்தைத் திருப்பவில்லை. பிறகு ஒரு மத்தியானம், மனைவி கண்ணயர, மகன் வேலைக்குப் போயிருக்க, மருமகள் உள்ளறையில் காதை மூடிக்கொண்டு ஆபீஸ் வேலை செய்ய, எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் ரிமோட்டை எடுத்தார். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று அது மரியாதையாகக் கேட்டது. மகன் பெயர், மருமகள் பெயர், கடைசியில் 'விருந்தினர்'. சொந்த வீட்டில் விருந்தினராக நுழைந்தவரை வக்கீலம்மாவும் இன்ஸ்பெக்டரும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்போது இன்னொருவன் குறுக்கே வந்திருக்கிறான். கர்னல் பொறுமையாக இன்ஸ்பெக்டரைப் பாலத்துக்கே இழுத்து வந்து விட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் மறுபடி ஆஸ்பத்திரியில்.

முதல் சந்தேகம் மனைவி மேல்.

"சாயங்காலம் நீ டிவி போடறியா?"

"எனக்கெதுக்குங்க டிவி? உங்க மூஞ்சியே போதும். நேத்து மத்தியானம் கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சே, என்ன?"

"தூசு."

"கூடத்துல மட்டும் வர்ற தூசு போலிருக்கு."

விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்ட கர்னல், ரிமோட்டை எடுத்துத் தன் பனியன் அடுக்குக்குள் ஒளித்தார். அன்று சாயங்காலம் வீடே சோபாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியது. பெரியவரும் கூடச் சேர்ந்து குனிந்து தேடினார். மகன் கடைக்குப் போய்ப் புது ரிமோட் வாங்கி வந்தான். கர்னல் அதையும் தூக்கினார். இரண்டையும் கால்சட்டைப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு மாலை நடைக்குப் போனார்.

"அண்ணன் நடையே மாறிப்போச்சே, மூட்டு வலியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆமாம், ரெண்டு பக்கமும்."

இத்தனைக்கும் பிறகு மறுநாள் பார்த்தால், இன்ஸ்பெக்டர் குணமாகி வீட்டுக்கே வந்துவிட்டார்!

வீட்டு ஆள் இல்லை, வெளியாள். கர்னல் மருமகளிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் கருமத்துக்கெல்லாம் பூட்டு கிடையாதா? கண்டவனும் உள்ள வந்துட மாட்டானா?"

"பாஸ்வேர்டு இருக்கு மாமா. நம்ம குடும்பத்தைத் தாண்டி யார்கிட்டயும் போகாது. ஏன் மாமா?"

"எனக்கெதுக்கு? நான் கேபிள்காரன்."

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சம்பந்தி போன் செய்தார். குரலில் சுரத்தில்லை.

"என்ன சம்பந்தி, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன? மனசுதான். ஒரு அடி முன்னால போனா யாரோ ரெண்டு அடி பின்னால இழுக்கற மாதிரியே இருக்கு."

"எனக்கு நேர்மாறா இருக்கு சம்பந்தி. பிடிச்சுத் தள்ளிட்டே இருக்காங்க."

"காலம் அப்படி. செய்தி பாத்தீங்களா?"

"பாக்காம? நம்ம கேபிள்லதான்."

"ஆமாமா, கேபிள்லதான்."

கடைசியில் கர்னல், நம்பத் தகுந்த ஒரே நிபுணரான கேபிள்காரரை வரவழைத்தார். அவர் வந்ததும் வராததுமாகத் தெரு கேட்கப் பேசினார்.

"என்ன சார், உங்க பெட்டி பல மாசமா உயிரோடயே இல்லையே! ஆபீஸ்ல இதைக் காலி வீடுன்னு நினைச்சிட்டிருக்கோம்!"

"மெதுவா, தம்பி, மெதுவா!"

"நீங்களே போயிட்டீங்களா சார்? 'கர்னல் இருக்கற வரைக்கும் நமக்கு அழிவில்ல'ன்னு எங்க முதலாளி எல்லார்கிட்டயும் சொல்றாரே!"

கர்னலுக்கு அவமானத்தில் காது சிவந்தது. விஷயத்தை அரைகுறையாகச் சொன்னார். கேபிள்காரர் ரிமோட்டை வாங்கி வெகு லாவகமாகத் தட்டினார்.

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"வீட்ல நாங்க இதுலதான் சார் பாக்கறோம். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க." பிறகு திரையைப் பார்த்து, "அட, இணையம் உங்க பேர்ல வாங்கினதால இந்தக் கணக்கே உங்க போன் நம்பர்லதான் சார் இருக்கு. பாஸ்வேர்டை மாத்திட்டு எல்லாரையும் வெளிய தள்ளிடலாமா?"

"தள்ளு."

"புது பாஸ்வேர்டு?"

கர்னல் யோசித்தார். இந்த இடத்தில் யாருக்குமே தோன்றாத சொல்லாக இருக்க வேண்டும்.

"கேபிள் வாழ்கன்னு போடு."

ரிமோட்டுகளைச் சோபாவுக்கடியில் 'கண்டெடுத்த' கர்னல், தினமும் பார்த்து முடித்ததும் டிவியிலும் கணக்கைப் பூட்டிவிட, அன்று முதல் மகனும் மருமகளும் டிவி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று கர்னல் செய்தித்தாளைப் பிரித்தார். மத்தியானங்களில் இன்ஸ்பெக்டர் விட்ட இடத்திலேயே அசையாமல் காத்திருந்தார். வக்கீலம்மா கல்யாணத்துக்குச் சம்மதிக்கும் கட்டம். கர்னலுக்கு வாழ்க்கையே இனித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை நேரம், முன்கூட்டிச் சொல்லாமல் கொள்ளாமல், சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள்.

சம்பந்தி முகம் மழிக்கவில்லை. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்து, சாய்ந்தார். அதைப் பார்த்ததும் கர்னலுக்கு நெஞ்சு திக்கென்றது. மகள் வாழ்க்கையில் ஏதாவது? இல்லை, கேபிள்காரன் வாயைத் திறந்துவிட்டானா?

"பொண்ணு நல்லா இருக்காளா?"

"தங்கமா இருக்கா," என்றார் சம்பந்தி தரையைப் பார்த்தபடி. "இது வேற விஷயம். நம்ம ரெண்டு குடும்ப மானம் சம்பந்தப்பட்டது. அன்னிக்குக் கைகொடுத்தோமே..."

ஆக, தெரிந்துவிட்டது. கர்னல் எழுந்து நின்றார். மானமுள்ளவன் குற்றத்தையும் நின்றுகொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மேல சொல்லாதீங்க சம்பந்தி. தப்பு எங்க பக்கம்தான்."

சம்பந்தி விழித்தார். சம்பந்தியம்மாளுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"தப்பு யாருதா வேணா இருக்கட்டும் சம்பந்தி, மொதல்ல அந்தப் புது பாஸ்வேர்டைச் சொல்லுங்க. தினம் தினம் யாரோ இன்ஸ்பெக்டரைப் பாலத்துக்கே இழுத்து விட்டுடறாங்கன்னு உங்க பொண்ணு மேல பாய்ஞ்சிட்டிருந்தவரு, இப்ப வக்கீலம்மா கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு தெரியாம சோறு தண்ணி இல்லாம கிடக்கறாரு!"