நாற்பத்திரண்டு மரத்து விசாரணை

சோலைப்புதூர் ஜனங்களாகிய நாங்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஆனைமலை டவுனுக்கு மேற்கே மூன்று மைலில், மலையடியில் இருக்கிறோம். எங்களுக்கு ரயில் கிடையாது, தபாலாபீசு கிடையாது. ஆனால் ஒரு கௌரவம் உண்டு. ஊருக்கு விருந்தாளியாக வந்த ஒறம்பரை மோர் கேட்டால் மோர், மெத்தை கேட்டால் மெத்தை. 'இல்லீங்க' என்ற சொல்லை எந்த ஒறம்பரையும் எங்கள் ஊரில் கேட்டதில்லை.

இந்தக் கௌரவத்துக்கு 1934-ஆம் வருஷம் வந்த சோதனையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் மலை அப்போதே மொட்டையாகிவிட்டது. தண்டவாளக் கட்டைக்கென்று ஒரு காண்டிராக்டர் வெட்டினார். தேயிலை போட ஒரு துரை வெட்டினார். மில் பாய்லருக்கு வண்டி வண்டியாகப் போயிற்று. நாங்கள் மட்டும் யோக்கியமா? கோடாலி பிடித்ததும் நாங்கள்தான், வண்டி ஓட்டினதும் நாங்கள்தான். அப்புறம் மழை குறைந்தது. பெய்த மழையும் நிற்காமல் ஓடிற்று. கிணறுகள் ஒவ்வொன்றாக வறண்டன. மிச்சம் இருந்தது மலைச்சரிவில் ஒரு சின்னச் சோலை, நாற்பத்திரண்டு மரம். அதன் அடியில் கசிந்த ஊற்றுத்தான் ஊருக்குக் குடிதண்ணீர். மீந்தது அங்கப்பக் கவுண்டரின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பாயும்.

அந்தச் சோலையையும் காண்டிராக்டர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே அங்கப்பர் என்னிடம் ஓடி வந்தார். நான் திருமலைசாமி நாயுடு. ஹைஸ்கூலில் மூன்று வருஷம் உட்கார்ந்த காரணத்தால் ஊருக்கு மனு எழுதுகிறவன்.

"ஏனுங் நாயுடுவாரே, ஒரு மனு எழுதிக் குடுங்க. அந்த நாப்பத்திரண்டும் போச்சுன்னா என்ற கொடிக்காலும் போச்சு, ஊரும் தண்ணிக்குத் தவிச்சுப் போகுமுங்க."

'மகா கனம் பொருந்திய சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக நாலு பக்கம் எழுதினேன். சமூகத்துக்கு, அதாவது சர்க்காருக்கு, மனம் இரங்கிவிட்டது. மரங்கள் குறைவதன் காரணத்தை ஸ்தலத்தில் தங்கிக் கண்டறிய, ஸ்பெஷல் விசாரணை அதிகாரி சென்னகேசவன் அவர்கள் மாசி மாதம் விஜயம் செய்வார் என்று பதில் வந்தது.

ஊர் கூடிற்று. அதிகாரியை வெயிலில் நிறுத்தலாமா? பந்தல் போட வேண்டும். பந்தலுக்குக் கால் வேண்டும். காலுக்கு மரம் வேண்டும். மரம் எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்தான் இருக்கிறது. நாலே நாலு வெட்டினோம்.

அதிகாரி வந்தார். மாலை போட்டுக்கொண்டார். சோலைக்குப் போய் எண்ணிவிட்டுத் திரும்பினார்.

"மனுவில் நாற்பத்திரண்டு. ஸ்தலத்தில் முப்பத்தெட்டு. நாலு எங்கே?"

நாலும் அவர் தலைக்கு மேலே பந்தலைத் தாங்கிக்கொண்டிருந்தன. அதை வாய் விட்டுச் சொன்னால் ஒறம்பரை மனசு நோகாதா?

"எண்ணிக்கையில தப்புங்க, எசமான்" என்றார் அங்கப்பர்.

"யார் எண்ணிக்கையில்?"

"எங்க எண்ணிக்கையிலதானுங்க. எசமானுக்குத் தப்பு வருமுங்களா?"

"அப்படியானால் நாளைக்கு இன்னொரு தரம் எண்ண வேண்டும்."

நாளைக்கு எண்ண வேண்டுமானால் இன்றைக்குத் தங்க வேண்டும். தங்கினால் காலையும் மாலையும் வெந்நீர்க் குளியல். நாளுக்கு ஐந்து வேளை காப்பி. அதிகாரியின் சமையற்காரர் அடுப்பை அணைப்பதே இல்லை.

"எருவரட்டி கெடக்குதுங்களே" என்றாள் அங்கப்பர் சம்சாரம் ராசாத்தாள்.

"வரட்டியில காய வெச்ச தண்ணிய எசமான் தலையில ஊத்தறதா? அவுரு என்ன நெனப்பாரு?" என்று அங்கப்பர் சீறினார்.

மறுநாள் முப்பத்தாறு.

இதில் ஒரு நியாயம் இருந்தது, கவனியுங்கள். எண்ணிக்கை ஒத்துவராத வரையில் விசாரணையை முடிக்கக் கூடாது. விசாரணை முடியாத வரையில் அதிகாரி போகக் கூடாது. அதிகாரி போகாத வரையில் அடுப்பு அணையக் கூடாது. அடுப்பு அணையாத வரையில் எண்ணிக்கை ஒத்துவராது. ஒவ்வொருவரும் அவரவர் கடமையைத்தான் செய்தோம்.

இதற்கு நடுவே இன்னொரு வியாதி வந்து சேர்ந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை ஊரே பார்த்தது. பத்து நாளில் ஊட்டுக்கு ஊடு காப்பி. இருபது நாளில் ஊட்டுக்கு ஊடு நாற்காலி. தரையில் உட்காருகிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று பேச்சாகிவிட்டது. உட்காரத் தெரியாமல் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாலும், போட்டுக்கொண்டது நாற்காலியில்தான். நான் மட்டும் அப்படிப்பட்ட டாம்பீகத்துக்கெல்லாம் போகவில்லை. மனு எழுத ஒரு மேசை செய்துகொண்டேன். வேங்கை மரம்.

பங்குனி பிறந்தபோது பதினொன்று. ராசாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. நேரே அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க எசமான், மரம் எங்க போகுதுன்னு நான் சொல்லட்டுங்களா? உங்க வெந்நிக்குத்தானுங்க போகுது. இந்தப் பந்தலுக்குப் போச்சு. இந்த ஊரு ஆம்பளைக நாற்காலிக்குப் போச்சு."

அதிகாரி காப்பியைக் கீழே வைத்தார். "அம்மா, மனுதாரர் நீதானா?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"மனுதாரர் அல்லாதாருடைய சாட்சியம் மூன்றாம் கட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். இப்போது நடப்பது முதல் கட்டம்."

"மூணாங் கட்டத்துக்கு மரம் இருக்கோணுமுங்களே?"

"அது நாலாம் கட்டம்" என்றார் அதிகாரி.

அங்கப்பருக்கு மானம் போய்விட்டது. "ஒறம்பரைகிட்டப் பேசற பேச்சா அம்மணி இது?" என்று பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார். கோபத்தை ஆற்ற அதிகாரிக்கு அன்று ஒரு வேளை அதிகமாகக் காப்பி போட்டோம்.

சித்திரை பத்தாம் தேதி அதிகாரி மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் ஒரே எண்ணிக்கை. பூஜ்யம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாங்கள் பார்த்ததில்லை. "கணக்கு நிலைபெற்றுவிட்டது. நாளைக்குப் புறப்படலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம்தான். தடுக்க ஒரு வேர் இல்லாத சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கிற்று. கல்லும் செம்மண்ணும் ஊற்றை மூடி, கொடிக்காலையும் மூடிவிட்டன. அங்கப்பர் இடுப்பளவு சேற்றில் இறங்கி, அறுந்த கொடி ஒன்றை இழுத்துப் பார்த்தார். வேரோடு கையில் வந்தது. பெரிய மனுஷர், ஓவென்று அழுதுவிட்டார்.

காலையில் வண்டி பூட்டி நின்றது. அதிகாரி ஏறி உட்கார்ந்தார். ஊரே கை கூப்பிற்று.

"வெயில் ஏறுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், போகிறேன்."

பானைகளில் இருந்தது செம்மண் குழம்பு. அங்கப்பர் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டார்.

"இல்லீங்க."

அதிகாரி பென்சிலை எடுத்து ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார்.

ஆடியில் உத்தரவு வந்தது. இரண்டே இரண்டு விஷயம். ஒன்று: மனுவில் கண்ட மரங்கள் ஸ்தலத்தில் இல்லாதபடியால் அவற்றைக் காக்க வேண்டிய அவசியம் எழவில்லை. இரண்டு: மேற்படி கிராமத்தார் உபசாரம் அறியாதவர்கள், ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

முதல் விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் ஊர் கொதித்துப் போயிற்று. எங்களையா? சோலைப்புதூரையா? ஊர்க்கூட்டம் போட்டோம். அத்தனை பேரும் நாற்காலியோடு வந்தார்கள். எங்கள் உபசாரத்தைப் பற்றி நேரில் விசாரிக்க வேறொரு அதிகாரியை உடனே அனுப்பும்படி மனுச் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

ஆனைமலையிலிருந்து சுமந்து வந்த குடத்தை ராசாத்தாள் கூட்டத்துக்கு நடுவில் இறக்கி வைத்தாள்.

"வாரவருக்குக் குடிக்கத் தண்ணி?"

அங்கப்பர் யாரையும் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"வாரப்ப தண்ணியக் கையோட கொண்டாரச் சொல்லி எழுதிப்போடுங்க, நாயுடுவாரே."

எழுதினேன். 'சமூகம் விஜயம் செய்யுங்கால் குடிநீரும் கொண்டுவரப் பிரார்த்திக்கிறோம்.' மேசை நன்றாக அமைந்திருக்கிறது. ஆடவே இல்லை.