இருபது டிகிரி அறையில் எனக்கு மட்டும் வியர்க்கிறது

மூத்தவளாகப் பிறந்ததால் மரியாதைக்கும், என்னை வளர்த்ததால் அன்புக்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரி வர வேண்டும். அதை எழுதக் கை ஓடவில்லை. போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீதான் முடிக்கிறாய். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்த பழக்கம். விடை உனக்கு முன்பே தெரியும். எதிரில் நிற்பவர் வழிமுறையை மட்டும் காட்டினால் போதும். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படி. சுருக்கம் இதுதான்: மூன்றாவது ஊசியை நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை. ஊசி இல்லையென்றால் ஆபரேஷனும் இப்போதைக்கு இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் என்னைப் பார்த்துக்கொள்ள நீ வரவும் வேண்டாம். எடுத்து வைத்திருக்கும் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இனி விவரம்.

கட்டி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறாய், ஏதோ வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல. கருப்பையில் அது எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறதோ யாருக்கும் தெரியாது. ஊர் உலகத்தில் குடியிருப்பவர் வாடகை கொடுப்பார். இது மாதாமாதம் என்னிடம் வாடகை வாங்கியது, ரத்தமாக. முதலில் ஸ்கேன் எடுத்தவர் எலுமிச்சை அளவு என்றார். அடுத்த தடவை எடுத்தவர் ஆரஞ்சு என்றார். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சின்னப் பப்பாளி என்றார். அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பழக் கணக்கு ஒத்துவருமா? "எந்த ரகப் பப்பாளி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பழக்கடையில் இவர் ஒரு பப்பாளியைக் கையில் எடுத்து எடை பார்த்தார், அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் மறுபடியும் பப்பாளியைப் பார்த்தார். கடைக்காரர், "நல்லா பழுத்திருக்கு சார், இன்னைக்கே வெட்டிடலாம்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழம் வாங்குவதில்லை.

நீ என்ன சொன்னாய் என்பதும் நினைவிருக்கிறது. "கருப்பையையே எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருடி. எனக்கு எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு, நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?" நீ எள்ளளவும் குறையவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதை நான் என்றும் மறுத்ததில்லை. ஆனால் குடியிருப்பவரைக் காலி செய்ய வீட்டையே இடிக்க வேண்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். மாதத்துக்கு ஓர் ஊசி, மூன்று மாதம். சூலகத்தை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து ஒரு கட்டளை போகுமாம். இந்த ஊசி அந்தக் கட்டளையை மறித்துவிடுமாம். ஹார்மோன் சுரக்காது, கட்டிக்குத் தீனி கிடைக்காது, சுருங்கிவிடும், அதற்குள் ரத்தமும் ஊறிவிடும், பிறகு சின்னக் கீறலில் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம். மொத்தத்தில் மாதவிலக்கு நின்றுபோன உடம்பு மாதிரி கொஞ்ச நாள் இருக்கும், தற்காலிகம்தான் என்றார். "டாக்டர், எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இயற்கையே அந்த வேலையைச் செய்ய வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் எதற்குக் கூலிக்கு ஆள்?" என்றேன். "இயற்கை உள்ள வர்றதுக்குள்ள உங்க உடம்புல ரத்தம் மிஞ்சாதும்மா. இந்த ரிப்போர்ட்டைக் காட்டினா மயக்க மருந்து டாக்டர் உங்களைத் தொடவே மாட்டார். பாதியில நிறுத்தினீங்கன்னா கட்டி பழைய சைஸுக்கே வந்துடும், அதையும் சொல்லிடறேன்" என்றார். ரிப்போர்ட் என்றால் எண். எண்ணோடு நான் வாதாடுவதில்லை. சரி என்றேன்.

ரத்தம் குறைந்ததை ரிப்போர்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதே. எங்கள் தெருவுக்கும் கடைவீதிக்கும் நடுவில் ரயில் பாதை, அதற்கு மேலே நடைபாலம். இரண்டு வருஷமாகவே அதில் ஏறினால் நடுவில் மூச்சு வாங்கும், கண் இருட்டும். வழியில் போகிறவர்கள் எல்லாம் "என்ன மேடம், உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்களே என்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்ப்பதுபோல் நிற்பேன். ரயில் வராவிட்டாலும் தண்டவாளத்தைப் பார்ப்பேன். இதை இவர் நம்பிவிட்டார். உன்னிடம் வேறு கேட்டிருக்கிறார். நீயும் கொஞ்சமும் கூசாமல், "அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே ரயில்னா உயிராச்சே" என்று சொல்லியிருக்கிறாய். விளைவு, எங்கள் படுக்கையறைச் சுவரில் மாதத்துக்கு ஓர் இன்ஜின் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. இந்த மாதத்து இன்ஜின் புகை கக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. நானும் அதுவும் இப்போது ஒரே நிலையில்தான் இருக்கிறோம்.

இவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கால்நடை டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டால் ஒரு நாள் இப்படி நடக்கும் என்று உனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டைப் பார்த்த உடனே மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது நம்ம குடும்பத்து மருந்து. இந்த வகை ஊசியை நாங்க பசுவுக்குப் போடறது உண்டு" என்றார். "ஒரு பசுவாவது இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல" என்றார். சீட்டைப் பிடுங்கி என் பைக்குள் வைத்தேன். ராத்திரி போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்காரும்போதெல்லாம் அவர் விளக்கைப் போட்டு என் கண் இமையை இழுத்துப் பார்க்கிறார், முதுகில் தட்டிக்கொடுக்கிறார், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். அந்தக் குரலை நான் அவருடைய ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன். பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, தான் மட்டும் இரண்டு போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்துவிடுகிறார். எலும்பு தேயும் என்று டாக்டரம்மா சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தினமும் தன் கையாலேயே கொடுக்கிறார், உள்ளங்கையை விரித்து, அசையாமல்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது, போகட்டும். அலுவலகத்தில் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. என் அறை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு, மருந்துக் கம்பெனி எல்லாவற்றிலிருந்தும் தெர்மாமீட்டர்கள் என்னிடம்தான் சோதனைக்கு வரும். அந்த அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் "மேடம், எனக்கு என்னமோ இது கூடக் காட்டுற மாதிரி இருக்கு" என்பார்கள். "உங்களுக்கு என்ன மாதிரி இருக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது. கருவி என்ன சொல்கிறது?" என்பேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலை நான் மாற்றியதே இல்லை.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் காலை, நெஞ்சில் யாரோ அடுப்பு மூட்டினதுபோல் தொடங்கி, கழுத்து வழியாக ஏறி, இரண்டு காதிலும் வந்து நின்றது. மூக்கு நுனியிலிருந்து மேசையில் சொட்டுகிறது. சுவரில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன், இருபது. மேசையில் இருந்ததைப் பார்த்தேன், இருபது. உடம்பு சூடாகும், வியர்க்கும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் மருந்தோடு வரும் தாளில் எழுதியிருப்பதெல்லாம் கம்பெனிக்காரன் வழக்குக்குப் பயந்து எழுதுவது என்பது என் நெடுநாள் கட்சி. ஆகவே படித்தவள், பட்டம் வாங்கினவள், நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? அறையில் உள்ள எல்லாத் தெர்மாமீட்டரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போய்விட்டன என்ற முடிவுக்கு.

என் உதவியாளர், எந்தக் காலத்திலும் சால்வையைக் கழற்றாததால் நாங்கள் கம்பளி என்று கூப்பிடும் பெண், "மேடம், எனக்குக் குளிருதே" என்றாள். "உனக்கு எப்பதான் குளிரல?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு ஏசி மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ரொம்ப அனுசரணையான மனுஷன். எதிரில் இருப்பவர் ஆசைப்படுவதைச் சொல்கிற ஜாதி. "கேஸ் போயிருக்கும் மேடம்" என்றார், திறந்தார், எதையோ கழற்றினார், எதையோ மாட்டினார். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அன்றைக்குத்தான் உண்மையிலேயே கெட்டது. அறை பனிக்கிடங்கு மாதிரி ஆகிவிட்டது. கம்பளி சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை, தலையில் குரங்குக் குல்லா, கையில் உறை என்று உட்கார்ந்து பல்லைக் கடித்தபடி எழுதுகிறாள். நான் ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்கிறேன். அன்று மாலையே எல்லாக் கருவிகளையும் விலக்கி வைத்து, அறையைப் பூட்டி, தலைமைக் கூடத்திலிருந்து மூலத் தெர்மாமீட்டரை அனுப்பச் சொன்னேன். அது பெட்டிக்குள் பெட்டியாக, பட்டத்து ராணி மாதிரி வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அதோடு வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரி. அறையில் கோளாறாக இருந்தது நான் ஒருத்திதான். இயக்குநர் விளக்க அறிக்கை கேட்டார். "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துக்கு மேலே நான் எழுதிய முதல் பொய் அது. எழுதும்போது வியர்த்தது, அது எந்த வியர்வை என்று எனக்கே புரியவில்லை.

அக்கா, அதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். மறுநாள் நான் போனை எடுக்கவில்லை என்று நீ அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டாய். இயக்குநரே எடுத்திருக்கிறார். அவரிடம் நீ கட்டி, கருப்பை, ஊசி, சூலகம், பப்பாளி எல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, "கூச்ச சுபாவம் சார் அவளுக்கு, வாயத் திறக்க மாட்டா, நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்று ஒப்படைத்து, போகிற போக்கில் அவருடைய முழங்கால் வலிக்கும் வைத்தியம் சொல்லியிருக்கிறாய். சாயங்காலம் என் அறிக்கை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "காரணம் தெரிந்தது" என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து நான் வராந்தாவில் நடந்தால் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார்கள். கம்பளி தன் பங்குக்கு ஒரு குட்டி மின்விசிறியை என் மேசையில் வைத்துவிட்டு, தன் நாற்காலியை அறையின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டாள். யாருமே ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என்ன சொல்ல வருகிறேன் என்றால், எனக்கென்று இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை: கருவி பொய் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். இந்த ஊசி அதில் கைவைத்துவிட்டது. பலன் ஏதாவது உண்டா என்றால், என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. மாதவிலக்கு நின்றது, சரி, அதன் இடத்தில் உலை கொதிக்கிறது. கட்டி இருக்கட்டும். இத்தனை வருஷம் இருந்தது, இனியும் இருந்துவிட்டுப் போகட்டும். வருகிற திங்கட்கிழமை ஊசிக்குப் போகப் போவதில்லை என்று இவரிடமும் சொல்லிவிட்டேன். "பசுவா இருந்தா இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார். நீயும் மறுபேச்சு பேசாதே. என் முடிவில் மாற்றம் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது போனை உடனே எடுப்பவர்களாக இருக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் சற்றே குறைந்த குரலும் அமைய வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சொல் கேளாத தங்கை

பி.கு: தபாலாபீஸ் மேசை ஓரத்தில் நின்றபடி, நூலில் கட்டிப்போட்ட பேனாவால் இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தகவல். உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்ததில், நடைபாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கின பிறகுதான் நினைவு வந்தது, நான் நடுவில் நிற்கவே இல்லை. ஒரு தடவை அளந்ததை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பதால் திரும்பிப் போய் மறுபடியும் ஏறி வந்தேன். அதே முடிவு. கண் இருட்டவில்லை. மூச்சு கொஞ்சம் வாங்கியது, அது யாருக்கும் வாங்குகிற அளவுதான். கீழே ரயில் ஒன்று போன சத்தம் கேட்டது. நின்று பார்க்க அவசியம் இருக்கவில்லை. திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொள்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்யாதே. எழுதினது வீணாகக் கூடாது என்று கடிதத்தையும் அனுப்புகிறேன். வரும்போது போர்வையை நீயே கொண்டு வா. இங்கே இருப்பதையெல்லாம் இவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.