எவரையும் கடிந்து பேசாத பேராசிரியர்

அறிஞர்களில் பல சாதி உண்டு. எல்லாம் கொஞ்சம் அறிந்தவர், ஒன்றும் அறியாமல் மேடையேறுபவர், அறிந்ததை மறந்தவர் என்று நீங்களே பலரைச் சகித்திருப்பீர்கள். இங்கே சொல்ல வருவது 'ஓராள் அறிஞர்' என்ற சாதியைப் பற்றி. இவருக்கு உலக வரலாற்றில் ஒரேயொரு மனிதரைத் தெரியும். அந்த மனிதரை வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் இவருடைய பலம். எதிர்த்துப் பேச ஆளில்லை, பாருங்கள். இந்த இனம் எங்கும் உண்டு. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அதற்குப் பெயர் பாலச்சந்திரன்.

பாலச்சந்திரன் திருநீறு பூசாமல் படியிறங்காத சைவர். அவருடைய ஆளோ பதினேழாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் லூத்தரன் இறையியல் கற்பித்த பேராசிரியர் கிரூன்வால்ட். இருவரையும் சேர்த்துவைத்தது அகதி முகாம். எண்பத்தாறில் பிரான்சுக்கு வரும் வழியில் பாலச்சந்திரன் ஜேர்மனியில் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டார். அங்கே அவருக்கு மொழி படிப்பித்த பாதிரியார், வாசித்துப் பழகட்டும் என்று ஒரு பழைய சிறுநூலின் நகலைக் கொடுத்தார். கிரூன்வால்டின் அடக்கத்தில் நிகழ்த்தி அச்சிட்ட பிரசங்கமும், கூடவே அவருடைய வாழ்க்கை வரலாறும் அதில் இருந்தன. பாதிரியார் அடுத்த வாரமே அதை மறந்திருப்பார். வாங்கியவர் மறக்கவில்லை.

அன்று தொடக்கம், கடையில் வெண்டிக்காய் முற்றலாயிருந்தால், கிரூன்வால்ட் வெறும் பாணைத் தின்று எபிரேயம் கற்ற கதை வரும். ஸ்டாலின்கிராட் தரிப்பில் மெத்ரோ ரயில் நின்றுவிட்டால், பனியில் நடந்துபோய்க் எதிர்ச்சபையான கல்வின் கட்சிக்காரரை மூன்று நாள் இலத்தீன் விவாதத்தில் கிழித்த கதை வரும். கலியாணப் பந்தியில் பக்கத்தில் அகப்பட்டால், தனக்கு முன் பேராசிரியராயிருந்தவரின் மகளையே அவர் கட்டியதும், பதினொரு பிள்ளைகள் பெற்றதும், நான்கு முறை பல்கலைக்கழகத் தலைவரானதும், எவரையும் கடிந்து பேசாமலே செத்ததும் பாயசத்துக்கு முன் முடிந்துவிடும். மூன்று நாள் எதிராளியைக் கிழித்தவர் எப்படி ஐயா எவரையும் கடிந்து பேசாதவர்? ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் போகும் என்ற பயம்தான்.

மனைவி தில்லைநாயகி மட்டும் ஒருமுறை வேறொன்று கேட்டார். "இஞ்சேருங்கோ, உங்கட ஜேர்மன்காரனுக்கு ஒரு வருத்தம் நோயும் வரேல்லையோ?"

"வந்தது. பொறுமையாத் தாங்கினவர்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு."

அந்த நாற்பது பக்கச் சிறுநூலை நானூறு பக்கப் புத்தகமாக்க பாலச்சந்திரனுக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. வருகிற ஞாயிறு புத்தக வெளியீடு. மண்டபம் பிடித்தாயிற்று, அச்சகத்துக்கு அவருடைய ஒரு சொல்தான் பாக்கி. ஒபர்வில்லியே புறநகர்க் களஞ்சியத்தில் முப்பது வருடம் பெட்டி தூக்கிய மனிதரை அன்றைக்குத்தான் ஊர் எழுத்தாளர் என்று கூப்பிடப்போகிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பே அவருக்கு இன்னொரு சின்னக் கீர்த்தி உண்டு. இங்கே யாராவது கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். அதில் செத்தவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பது பாலச்சந்திரன். இதுவரை அறுபத்து மூன்று, நாயன்மார் கணக்கு. காணி வழக்கில் அண்ணனோடு முப்பது வருடம் பேசாதவர் 'உடன்பிறப்புகளின் உயிர்நாடி' ஆனார். குடிவெறியில் மெத்ரோவிலேயே தூங்கிக் கடைசித் தரிப்பு வரை போனவர் 'பயணப் பிரியர்' ஆனார்.

விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, புறநகர் எபினேயிலிருந்து யோகராணி கல்வெட்டுக்காக வந்தார். கணவர் கண்ணை மூடிப் பதினெட்டு நாள். பாலச்சந்திரன் எழுதிவைத்ததை ராகத்தோடு வாசித்தார்: "அன்னார் எவரையும் கடிந்து பேசாதவர். இல்லாளைக் கண்ணின் மணியெனக் காத்தவர். நோயைப் பொறுமையுடன் தாங்கியவர்."

யோகராணி கடைசிவரை கேட்டார். "ஆரண்ணை இவர்?"

"உங்கட அவர்தான், பிள்ளை."

"நல்ல மனுசனாக் கிடக்கு. இவரைக் கட்டியிருக்கலாம்."

பாலச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்பது வருசத்திலை என்னை ஒருக்காலும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை அண்ணை. 'ஏய்' எண்டுதான். அதையும் ஒரு மூலையிலை போடுங்கோவன்."

"கல்வெட்டிலை உப்பிடி எழுதுறேல்லைப் பிள்ளை. எல்லாருக்கும் இதுதான் எழுதுறது."

"செத்த எல்லாருக்குமோ?"

"ஓம், எல்லாருக்கும்தான்."

சொல்லிவிட்டுத் தான் எழுதியதை மறுபடி பார்த்தார். எவரையும் கடிந்து பேசாதவர், நோயைப் பொறுமையுடன் தாங்கியவர். இதை அவர் முதலில் படித்தது எங்கே? அந்த ஜேர்மன் பிரசங்கத்தைச் செய்தவர் யார்? கிரூன்வால்டின் மருமகன். மாமனாரின் பதவியில் அடுத்த மாதமே குந்தியவன். இந்த விவரம் நாற்பது வருடமாக முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் கிடந்தது. ஊருக்கெல்லாம் கல்வெட்டு எழுதிய மனிதருக்கு, தான் நம்பியதும் ஒரு கல்வெட்டு என்று தெரியவில்லை. வெட்கத்தில் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

யோகராணி இருக்கும்போதே அச்சகத்துத் துஷ்யந்தனிடமிருந்து போன் வந்தது. "அண்ணை, புத்தகம் அடிக்கட்டோ? இண்டைக்கு விட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு ஏலாது."

இருபத்திரண்டு வருடம். நானூறு பக்கம். மண்டபம். எழுத்தாளர் என்ற அந்த ஒரு சொல். உண்மையைச் சொல்லுங்கள், நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"அடி, தம்பி," என்றார் பாலச்சந்திரன்.

பிறகு யோகராணியின் முகத்தைப் பாராமல், கல்வெட்டுத் தாளை நிமிர்த்தி, 'கண்ணின் மணி' வரியை மட்டும் பேனையால் வெட்டினார். அவருடைய அறிவுநேர்மை அந்த ஒரு வரியோடு களைத்துப்போயிற்று.

ஞாயிறு விழா நன்றாகவே நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். எழுத்தாளர் பாலச்சந்திரன் தன்னலமற்றவர், உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதாதவர் என்று தலைவர் அரை மணித்தியாலம் பேசினார். செவ்வாய்க்கிழமை வெட்கத்தில் தாளைக் கவிழ்த்த மனிதர், முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். தேநீர் வருவதற்குள் முழுவதையும் நம்பிவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கெல்லாம் ஏது கிரூன்வால்ட் என்று நினைக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கும் நன்றாகத் தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார்: நியாயஸ்தர், பொறுமைசாலி, வீட்டில் குரல் உயர்த்தாதவர். அவருடைய வரலாற்றை எழுதியதும் நீங்கள்தான், கண்ணாடி முன் நின்று தினமும் படிப்பதும் நீங்கள்தான். துணிவிருந்தால் அதை இன்று வீட்டில் இருப்பவர்களுக்கு ஒருமுறை உரத்து வாசித்துக் காட்டுங்கள்.